பொட்டாசிய வாயில்களைத் தேடிக் கூடியவர்கள்

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. சாத்தூரைத் தொட்டுக்கொண்டு வைப்பாறு வருகிறது. சிவகாசிப் பக்கமிருந்து வரும் அர்ச்சுனா நதி இங்கே அதோடு சேர்கிறது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நடந்தே வரும் கூட்டத்தில் இந்தக் கரிசல்காடு திணறிப்போகும். மற்ற நாட்களில் இந்த வட்டாரத்தின் பேச்சு பட்டாசுதான். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தத் திசையில் போனாலும் மருந்து கலக்கும் அறைகள், காயவைக்கும் களங்கள், திரி போடும் கைகள்.

அந்த அறைகளுக்குள் காலங்காலமாக இரண்டு உப்புகள் புழங்கி வந்தன. ஒன்று வெடியுப்பு. வேதியியல் பெயர் பொட்டாசியம் நைட்ரேட். கரிமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். மற்றொன்று பேரியம் நைட்ரேட். மத்தாப்பில் பச்சை வெளிச்சம் இதனால் வருகிறது. கம்பி மத்தாப்பில் அலுமினியத் தூள் பளிச்சென்று எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் இதுவே தருகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிகளோடு சேர்த்து பேரியம் உப்புகளையும் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில் உற்பத்தியாளர்கள் தளர்வு கேட்டபோதும் நீதிமன்றம் இசையவில்லை. அந்த வழக்கைப் பற்றியும், அதனால் பிழைப்பு ஆடிப்போன குடும்பங்களைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. பொட்டாசியமும் பேரியமும் மனித உடலுக்குள் சந்தித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால், உலகின் பல மூலைகளிலிருந்து விஞ்ஞானிகள் ஒன்றுகூடி விடை தேடிய ஒரு பெரிய கதைக்குள் போய்விடலாம்.

பேரியம் உப்பு வயிற்றுக்குள் போய்விட்டால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. சில மணி நேரத்தில் கை கால் தளர்கிறது. தளர்ச்சி மூச்சுத் தசைகள் வரை ஏறினால் உயிருக்கே ஆபத்து. இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. இரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும். சீனாவின் சிச்சுவான் பகுதியில் மக்களை முடக்கிய ‘பா பிங்’ என்ற வாத நோய்க்குக் காரணம், சமையல் உப்பில் கலந்திருந்த பேரியம் குளோரைடு என்று 1940களில் தெரியவந்தது. பேரியம் கார்பனேட் எலி மருந்தாக விற்கப்பட்டு, அதை மாவென்று நினைத்துச் சமைத்தவர்கள் இறந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாம்பு மாத்திரை வகைப் பட்டாசை விழுங்கியவருக்கு இதே தளர்ச்சி வந்ததும் பதிவில் உண்டு. பேரியம் கலந்த பொருளால் தீக்காயம் பட்டால், வெந்த தோல் வழியாகவே அது இரத்தத்தில் ஏறிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். வேதிப்பொருள் விபத்துக்கு ஆளானவர்களைப் பார்க்கும் மருத்துவர் இரத்தப் பொட்டாசியத்தைச் சோதிக்க மறக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வயிற்றை எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனையில் குடிக்கக் கொடுக்கும் பேரியம் கரைசலுக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அது பேரியம் சல்பேட். தண்ணீரிலும் வயிற்று அமிலத்திலும் கரையாது. குடித்தது அப்படியே வெளியேறிவிடும். விஷம் குடித்தவருக்கு மக்னீசியம் சல்பேட்டோ சோடியம் சல்பேட்டோ கொடுப்பதும் இதே கணக்கில்தான்: கரையும் பேரியத்தைக் கரையாத பேரியமாக மாற்றிவிடுவது. கூடவே நரம்பு வழியாகப் பொட்டாசியத்தை ஏற்றுவார்கள்.

சரி, இரத்தத்திலிருந்த பொட்டாசியம் எங்கே போனது? உடலை விட்டுப் போகவில்லை. செல்களுக்குள் மாட்டிக்கொண்டது.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சுற்றியிருக்கிறது. உப்பின் அயனிகள் அந்தக் கொழுப்பைத் தாமாகக் கடக்க முடியாது. கடத்திவிடுவதற்கென்றே சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம், சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் செல்லுக்குள் பொட்டாசியத்தின் அடர்த்தி வெளியே இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். இப்படிச் சேர்ந்த பொட்டாசியம் அளவாக வெளியே கசிய வேறொரு புரதக் குடும்பம் வழிவிடுகிறது. விஞ்ஞானிகள் அவற்றைப் பொட்டாசியம் சேனல்கள் என்கிறார்கள். இங்கே வாயில்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கசிவால்தான் செல்லின் உட்புறத்துக்கு எதிர்மின்னூட்டம் கிடைக்கிறது. நரம்பு செய்தி அனுப்புவது, தசை சுருங்குவது, இதயம் ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு ஆயத்தமாவது எல்லாம் இந்த மின்னூட்டத்தின் தயவில் நடப்பவை. பேரியம் போய் இந்த வாயிலை அடைத்துவிடுகிறது. பம்ப் நிற்காமல் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. வெளிவழி மூடிக் கிடக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் வறண்டுபோக, தசை செயலற்றுப் போகிறது.

மனித மரபணுத் தொகுதியில் பொட்டாசிய வாயில்களுக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 80. செல்லின் மின்னழுத்தம் மாறினால் திறப்பவை, கால்சியம் வந்து ஒட்டினால் திறப்பவை, உள்ளே விடுவதில் தாராளமும் வெளியே விடுவதில் கஞ்சத்தனமும் காட்டுபவை, எப்போதும் கொஞ்சம் திறந்தே கிடப்பவை என நான்கு பெரும் கிளைகள். மூளைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, கணையத்துக்கு ஒன்று என்று கலந்து கலந்து வேலை செய்கின்றன. ஒன்றில் கோளாறு வந்தால் வலிப்பு. இன்னொன்றில் வந்தால் இதயத் துடிப்புக் கோளாறு. மற்றொன்றில் வந்தால் பிறந்த குழந்தைக்கே நீரிழிவு. நரம்பியல், இதயவியல், நோயெதிர்ப்பியல், மரபியல், வேதியியல், படிகவியல் என்று தனித்தனியாக வளர்ந்த துறைகளில் எந்த ஒன்றுக்கும் இந்தக் குடும்பம் முழுமையாகப் பிடிபடவில்லை. ஆட்கள் கூட வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவை ஈக்கள். பழ ஈக்களை ஈதர் ஆவியில் மயக்கினால் அசையாமல் கிடக்கும். ஒரு வகை ஈ மட்டும் மயக்கத்திலும் கால்களை உதறிக்கொண்டே இருந்தது. அதற்கு ‘ஷேக்கர்’ என்று பெயரிட்டார்கள். உதறலுக்குக் காரணமான மரபணு எது என்று மூன்று ஆய்வகங்கள் போட்டிபோட்டுத் தேடின. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் குழு அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டது. மற்ற குழுக்களும் ஒட்டியே வந்தன. உலகில் முதன்முதலாகக் கையில் கிடைத்த பொட்டாசிய வாயில் மரபணு அதுதான். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு எலியிலும் மனிதரிலும் அதன் உறவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அடுத்து வந்தவை தேள்கள். இங்கே நம்மூர்க் கதையும் சேர்கிறது. மானாவாரிக் காடுகளில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும் செந்தேளுக்கு, 1798இல் ஃபாப்ரிஷியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் ‘தமுலஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்தார். இதன் கொட்டு குழந்தைகளின் உயிரைக் குடிக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற மலிவான மாத்திரையால் இந்தச் சாவுகளைக் குறைக்கலாம் என்று 1980களில் காட்டியது தனிப் பெருங்கதை. அதே தேளின் விஷத்திலிருந்து அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் ஐபீரியோடாக்சின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கால்சியத்தால் திறக்கும் பெரிய பொட்டாசிய வாயிலை மட்டும் அது குறிபார்த்து அடைக்கும். குடும்பத்தின் மற்றவர்களைத் தொடாது. 2002இல் அதே செந்தேளின் விஷத்திலிருந்து டாமாபின் என்ற இன்னொன்று கிடைத்தது. அது கால்சியத்தால் திறக்கும் சிறிய வாயிலின் மேல் குறிவைத்தது. உலகெங்கும் இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் ஆராயும் கூடங்களில் இன்றும் ஐபீரியோடாக்சினை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். எந்த வாயில் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அந்த ஒன்றை மட்டும் அடைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி அப்போது இருக்கவில்லை.

தேள் விஷத்தை அளவுகோலாகவே பயன்படுத்தியவர் ராடரிக் மெக்கின்னன். மருத்துவராகப் பயின்று, அந்தத் தொழிலை விட்டு ஆய்வுக்கு வந்தவர். வாயில் ஒன்றில் எத்தனை துண்டுகள் சேர்ந்திருக்கின்றன என்பதை விஷம் ஒட்டும் விதத்தைக் கணக்கிட்டே 1991இல் சொன்னார்: நான்கு. ஆனால் கண்ணால் பார்க்காமல் மற்றது விளங்காது என்று தோன்றியபோது, நாற்பதை நெருங்கும் வயதில் எக்ஸ்ரே படிகவியலைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். சவ்வுப் புரதத்தைப் படிகமாக்குவது பெரும்பாடு. கொழுப்பை விட்டு வெளியே எடுத்தாலே குலைந்துபோகும். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் எளிய வாயில் ஒன்றை அவர் குழு எடுத்துக்கொண்டது. 1998 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் அதன் கட்டமைப்பு வெளியானது. 2003இல் வேதியியல் நோபல் பரிசு. தண்ணீருக்கென்றே இருக்கும் சவ்வு வாயில்களைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேயும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தப் படம் ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. பெரியதை விடும் வாயில் சிறியதை ஏன் விடுவதில்லை? பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் போகும், அவ்வளவு கண்டிப்பு. ஆனாலும் நொடிக்குக் கோடிக்கணக்கான பொட்டாசியம் அயனிகள் தடையில்லாமல் பாய்கின்றன. வாயிலின் மிகக் குறுகிய இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. இடைவெளி பொட்டாசியத்துக்கென்றே அளந்து வைத்தது. தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சூழும் ஆக்சிஜன்கள் எந்தத் தூரத்தில் இருக்குமோ, இங்கும் அதே தூரம். அதனால் தண்ணீரைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதில் பொட்டாசியத்துக்கு நட்டமில்லை. சிறிய சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டாது. அது தண்ணீரை விட்டுப் பிரியாமல் வெளியிலேயே நின்றுவிடும். ஆடி வெள்ளியில் இருக்கன்குடிக் கோயில் கம்பித்தடுப்புக்குள் போகிறவர்களைப் போல அயனிகள் ஒற்றை வரிசையில் போகின்றன. பின்னால் வருவது தள்ள, முன்னால் இருப்பது நகர்கிறது.

பேரியத்தின் அளவு பொட்டாசியத்தின் அளவேதான். ஆரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். ஆகவே அந்தக் குறுகிய வழிக்குள் அது தாராளமாக நுழையும். மின்னூட்டமோ இரண்டு மடங்கு. ஆக்சிஜன்கள் அதை இறுகப் பற்றிக்கொள்கின்றன. நகர முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டில் யூசிங் ஜியாங்கும் மெக்கின்னனும் பேரியம் உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தையே எக்ஸ்ரேயில் காட்டினார்கள். சிச்சுவான் உழவரின் கால் ஏன் தளர்ந்தது, எலி மருந்தை விழுங்கியவரின் மூச்சு ஏன் நின்றது என்பதற்கு அணு அளவில் கிடைத்த விடை இது. பச்சை மத்தாப்பின் பேரியம் இந்தக் குடும்பத்தை ஆராய்பவர்களுக்கு மிக முக்கியமான கருவிகளில் ஒன்றாக இருந்திருக்கிறது என்பதைச் சிவகாசிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆட்கள் கூடினால் முதலில் வரும் சிக்கல் பெயர். 1980களின் கடைசியில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் புதுப்புது மரபணுக்கள் பிரிந்து வந்தன. கண்டவரெல்லாம் தமக்குத் தோன்றிய பெயரை வைத்தார்கள். ஒரே வாயிலுக்கு ஐந்தாறு பெயர். இந்தக் கட்டுரை சொல்வதும் அந்தக் கட்டுரை சொல்வதும் ஒன்றையா வேறொன்றையா என்று துறைக்குள் இருப்பவர்களுக்கே விளங்கவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முன்நின்றவர் கே. ஜார்ஜ் சாண்டி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1991இல் நேச்சர் இதழில் அவர் ஓர் எளிய முறையை முன்வைத்தார். மின்னழுத்தத்தால் திறக்கும் வாயில்களுக்கு கேவி என்ற எழுத்துகள். ஈயின் எந்த மரபணுவுக்கு உறவு என்பதைக் காட்ட ஓர் எண். அந்த உட்குடும்பத்தில் எத்தனையாவது என்பதற்கு இன்னோர் எண். ஷேக்கரின் உறவுகள் எல்லாம் கேவி1. அதில் மூன்றாவது, கேவி1.3.

பார்த்தால் சின்ன வேலை. ஆனால் தான் வைத்த பெயரை விட்டுக்கொடுக்க எந்த விஞ்ஞானிக்கும் எளிதில் மனம் வராது. பேசிப் பேசி எல்லோரையும் இணங்க வைக்க வேண்டியிருந்தது. பிறகு பன்னாட்டு மருந்தியல் ஒன்றியம் தன் பெயரிடல் குழுவின் வழியாக இந்தப் பொறுப்பை ஏற்றது. அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் எனப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, ஜார்ஜ் கட்மன், சாண்டி இருவரும் முன்னின்று, 2005இல் மின்னழுத்த வாயில்கள் நாற்பதையும் பன்னிரண்டு உட்குடும்பங்களாகத் தொகுத்தார்கள். ஒவ்வொன்றும் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, எந்த உறுப்பில் வேலை செய்கிறது, எது அடைக்கும், எது திறக்கும் என்று அட்டவணை அட்டவணையாக எழுதினார்கள். நோபல் பரிசு கிடைக்காத வேலை. ஆனால் அதற்குப் பின் வந்த மருந்து ஆய்வுகளுக்கு அந்தத் தொகுப்பு பெரிய துணை என்று துணிந்து சொல்லலாம்.

மருந்து என்றதும் இந்தக் குடும்பத்தின் ஆபத்தான உறுப்பினர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதயத் துடிப்பை முடித்துவைக்கும் கேவி11.1 வாயில், ஹெர்க் என்ற பெயரால் அறியப்பட்டது. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடு ஆகிய மாத்திரைகள் இந்த வாயிலை அடைத்து, சிலருக்குத் திடீர் மரணத்தை வரவழைத்தன. அவை சந்தையிலிருந்து நீங்கின. அதற்குப் பிறகு எந்தப் புது மருந்தும் மனிதருக்குக் கொடுக்கப்படும் முன்பே ஹெர்க்கைத் தொடுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. ஹெர்க்கை மட்டும் பார்த்தால் நல்ல மருந்துகளும் வீணாகக் கழிந்துபோகின்றன என்ற கவலையில், 2013 முதல் அரசு ஒழுங்குமுறை அலுவலர்களும் மருந்து நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் ஒரே மேசைக்கு வந்து, இதயத்தின் பல வாயில்களையும் சேர்த்துக் கணிக்கும் முறைக்காக உழைக்கிறார்கள். பொதுவாக எதிரெதிரே உட்காருகிறவர்கள் அவர்கள்.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட கூடல் நடந்திருக்கிறது, அதுவும் நம் கடற்கரையை நம்பி. இருக்கன்குடியைத் தாண்டிய வைப்பாறு கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழகத்தின் தென்கிழக்குக் கடலில் கூம்பு வடிவச் சங்குப்பூச்சிகள் வாழ்கின்றன. ஓட்டின் அழகுக்காகப் பொறுக்கி விற்பார்கள். உயிரோடிருக்கும்போது இவை விஷ ஊசியால் இரையைக் குத்திச் செயலிழக்கச் செய்யும். ஓர் இனத்தின் விஷத்திலேயே பல பத்துச் சிறு புரதங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சவ்வு வாயிலைத் தேடிப் போகும். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்திலும் பணியாற்றிய கே. எஸ். கிருஷ்ணன் இந்தச் சங்குகளின் மேல் தீராத ஆர்வம் கொண்டிருந்தார். அவர் ஈக்களின் மரபியலிலும் வல்லவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிறு புரதங்களின் வேதியியலுக்குப் பெயர்பெற்ற பி. பலராம் கைகோத்தார். அங்கேயே செல்களின் மின்னோட்டத்தை அளக்கும் சுஜித் சிக்தார் சேர்ந்தார். கடல் உயிரினங்களை அறிந்த பி. ராமசாமியும் சேர்ந்தார்.

2004இல் இவர்களும் இளம் ஆய்வாளர்களும் இணைந்து வெளியிட்ட ஒரு கட்டுரை, தென்கிழக்குக் கடற்கரையில் கிடைத்த கோனஸ் மோனைல் என்ற, புழுக்களைத் தின்னும் சங்கைப் பற்றியது. அதன் விஷத்தில் வெறும் பதின்மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கைக் கண்டார்கள். சங்கு விஷங்கள் பெரும்பாலும் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கி முடியப்பட்டிருக்கும். இது எந்த முடிச்சும் இல்லாத நேர்ச்சங்கிலி. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புச் செல்களில் அதை விட்டுப் பார்த்தபோது பொட்டாசிய மின்னோட்டம் குறைந்தது. ஒரு சங்கை இனங்காணக் கடலியலாளர் வேண்டும். விஷத்தைப் பிரிக்கவும் அதன் வரிசையைப் படிக்கவும் வேதியியலாளர் வேண்டும். எந்த வாயில் அடைகிறது என்று சொல்ல மின்னியல் தெரிந்த உயிரியலாளர் வேண்டும். ஒருவர் விலகினாலும் அந்தக் கட்டுரை இல்லை. பெங்களூரில் எம். கே. மேத்யூ பொட்டாசிய வாயில்கள் சவ்வுக்குள் எப்படி மடிந்து பொருந்துகின்றன என்று நெடுங்காலம் ஆராய்ந்ததும் இதே சூழலில்தான்.

கூடலின் பலன் நோயாளியின் படுக்கை வரை போய்ச் சேர்ந்த கதை கேவி1.3 என்ற வாயிலுடையது. 1984 வரை பொட்டாசிய வாயில் என்றால் நரம்பும் தசையும்தான். நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களிலும் அது இருக்கிறது என்று அந்த ஆண்டு டிகார்சி, சாண்டி, குப்தா, கஹாலன் நால்வரும் நேச்சரில் எழுதினார்கள். வாயிலை அடைத்தால் டி செல்கள் பெருகுவது நின்றது. மின்னோட்டம் அளப்பவரும் நோயெதிர்ப்பு மருத்துவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்ததால் நடந்த கண்டுபிடிப்பு இது. பின்னர் தெரியவந்தது இன்னும் முக்கியம்: தண்டுவட மரப்பு, சொரியாசிஸ், முடக்குவாதம் போல உடல் தன்னையே தாக்கும் நோய்களில், தாக்குதலை நடத்தும் நினைவு டி செல்கள் கேவி1.3ஐத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. மற்ற டி செல்களுக்கு வேறு வழி உண்டு. ஆக, இந்த ஒன்றை மட்டும் அடைத்தால் உடலின் முழு எதிர்ப்புச் சக்தியையும் குலைக்காமல் நோயைத் தணிக்கலாம்.

அடைப்பதற்கு எது? கரீபியக் கடலில் வாழும் சூரிய அனிமோனி என்ற உயிரியிலிருந்து ஹவானாப் பல்கலைக்கழகத்தின் ஓல்கா கஸ்தாஞேதா, ஸ்வீடன், ஸ்காட்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 1995இல் ஒரு விஷத்தைப் பிரித்தறிந்தார். முப்பத்தைந்து அமினோ அமிலங்கள். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் ரேமண்ட் நார்ட்டன் குழு அதன் வடிவத்தைக் கண்டது. அமெரிக்காவில் மைக்கேல் பென்னிங்டன் அதை ஆய்வகத்திலேயே செய்து கொடுத்தார். அனிமோனிகளைக் கொல்ல வேண்டியதில்லை. சாண்டியின் ஆய்வகத்தில் அதை கேவி1.3இல் சோதித்தார்கள். பிரான்சிலிருந்து வந்த கிறிஸ்டீன் பீட்டன், தண்டுவட மரப்பைப் போன்ற நோய்கொண்ட எலிகளில் கொடுத்து அவை தேறுவதைக் காட்டினார். அமெரிக்காவும் கியூபாவும் முகம்பார்க்காத காலத்தில் இந்த மூலக்கூறு எல்லைகளைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு கிளை ஜெர்மனியின் கீல் நகரில் முளைத்தது. தண்டுவட மரப்பு நோயாளிகள் சிலர் அருவதாக் கஷாயம் குடித்தால் இதமாக இருப்பதாகச் சொன்னதை அங்கிருந்த ஆய்வாளர்கள் அலட்சியப்படுத்தவில்லை. நம்மூரில் சதாப்பிலை என்று கைக்குழந்தைகளுக்கு உரசிக் கொடுப்பார்களே, அதே செடி. அதிலிருக்கும் சோரலென் வகைப் பொருள் பொட்டாசிய வாயில்களை லேசாக அடைப்பது தெரிந்தது. அங்கே படித்த ஹைக்கே வுல்ஃப் பின்னர் சாண்டியிடம் பணியாற்றிவிட்டு, அந்தப் பொருளை மூலமாக வைத்து, கேவி1.3ஐ மட்டும் அடைக்கும் பேப்-1 என்ற சேர்மத்தை 2005இல் உருவாக்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் சதாப்பிலைக் கஷாயம் வைக்க வேண்டாம். சோரலென் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரும். செடியில் இருக்கும் அளவால் அந்த நோய் தீராது.

அனிமோனி விஷத்தைத் திருத்தி உண்டாக்கிய டாலசடைடு மருந்து, சொரியாசிஸ் நோயாளிகளிடம் சிறிய அளவில் சோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவுகளின்படி பெரிய பக்கவிளைவுகள் இல்லை. கூடுதல் அளவு பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் தேறியது. பெரிய சோதனைகள் முடிந்து மருந்துக்கடைக்கு வரும் கட்டத்தை அது எட்டிவிடவில்லை. சாண்டி பிறகு சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் இதே வாயிலில் வேலையைத் தொடர்ந்தார்.

2021இல் கேவி1.3இன் வடிவம் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. 2022இல் அனிமோனி விஷத்தை எதிர்ப்புரதத்தோடு ஒட்டவைத்து, அது வாயிலின் வாய்க்குள் செருகி நிற்பதையும் படமெடுத்தார்கள். அதை வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் செல்வகுமார். புரதத்தைப் படிகமாக்கும் பாடு இந்த முறையில் இல்லை. சட்டென உறையவைத்து ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் சேர்த்தால் போதும். சவ்வுப் புரதங்களை ஆராய்வோருக்கு இது பெரிய வரம். பெங்களூரு உயிரியல் வளாகத்தில் இந்த வகை நுண்ணோக்கியுடன் தேசிய மையம் 2017 முதல் இயங்குகிறது. சவ்வுப் புரதங்களில் தேர்ந்த கே. ஆர். வினோத்குமார் அதை வழிநடத்தி வந்திருக்கிறார். வெளி நிறுவனத்தாரும் அங்கே தம் மாதிரிகளோடு போகலாம்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நிய நிலமும் இல்லை. 1963 ஜனவரியில் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரத வடிவம் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கைக் கூட்டினார். 1967இல் மறுபடியும் கூட்டினார். உலகில் எந்தப் புரதத்தின் வடிவம் வெளியானாலும், மெக்கின்னனுடையது உட்பட, அவர் பெயரால் வழங்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். சாத்தூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், எஸ். கிருஷ்ணசுவாமியின் குழு டைபாய்டு கிருமியின் வெளிச்சவ்வுப் புரதங்களைப் படிகமாக்கப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. பொட்டாசிய வாயில்களுக்கு உறவில்லாத வேறு குடும்பம். போரின்கள் என்று பெயர். மருந்துகள் கிருமிக்குள் நுழையும் வழிகளில் அவையும் உண்டு. அந்தக் குழு ஓம்ப்-எஃப் என்ற போரினின் கட்டமைப்பை 2012இல் வெளியிட்டது. அங்கே பயின்றவர்கள் இப்போது இந்தியாவின் வேறு ஆய்வகங்களில் தங்கள் மாணவர்களோடு சவ்வுப் புரதங்களில் வேலை செய்கிறார்கள்.